கொல்லிமலையில் வீட்டுக் காய்கறித் தோட்டம்: சித்திரை விதைப்புக்கு முன் செய்யவேண்டியவை

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது சமவெளிக் குடியானவர்களின் அநுபவத்தில் பிறந்த பழமொழி. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் கொல்லிமலை மேட்டுநிலத்தில் அதனை அவ்வண்ணமே கைக்கொள்ளுதல் இயலாது. இங்குக் கோடைமழை சித்திரையில் தலைகாட்டி வைகாசியில் வலுக்கின்றது. ஆடியில் காற்று மிகுதி. ஆவணி முதல் ஐப்பசி வரை மழையும் மூடுபனியும் மிகுந்து, வெயில் காண்பதே சில வாரங்களில் அரிதாகிவிடும். ஆடியில் விதைத்த பிஞ்சுச் செடி இக்காலத்தில் வேரூன்றித் தழைப்பது கடினம். சித்திரையில் விதைத்துக் காற்றுக் காலத்திற்குள் கொடி பந்தலேறிவிட்டதாயின், பிறகு வரும் மழை அதற்கு நன்மையே செய்யும். ஆகவே மலைக் குடியானவர்களுக்கு வருஷத்தின் முதல் விதைப்பு இளவேனிலில் வருகின்றது. அதற்குரிய ஆயத்தங்களை மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களில் முடித்தாக வேண்டும். ஆனால் இவ்விரண்டு மாதங்களில்தான் வீட்டையடுத்த நிலம் பெரும்பாலும் கவனிப்பாரின்றிக் கோழிக்கும் ஆட்டுக்கும் விடப்பட்டுக் கிடக்கின்றது.

காய்கறித் தோட்டம் என்பது மலைமேல் புதிதாகச் சொல்லத்தக்க விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் காப்பியும் விளையும் நாட்டில் கறிக்கா பஞ்சம் என்பது அவர்களுடைய கேள்வி. பஞ்சம் வந்த வழியை அறிவதற்கு வயல்களின் மாறுதலைப் பார்க்க வேண்டும். முற்காலத்தில் மலையின் சரிவு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய தானியங்களே முக்கியப் பயிர்களாக இருந்தன. அத்தானியங்களை ஒருவரும் தனியே விதைப்பதில்லை. கேழ்வரகுக் கொல்லையில் மொச்சையும் அவரையும் படரும். இடையிடையே கடுகும் கீரைத்தண்டும் நிற்கும். ஓரங்களில் பூசணி ஓடும். களையெடுக்கச் சென்ற பெண்மக்கள் திரும்பி வரும்பொழுது மடிநிறையக் கீரையோடு வருவர். தானியம் அறுவடையாகும் முன்னரே கொல்லை குடும்பத்திற்குக் கறி கொடுத்தது. அக்காலத்தில் வீட்டுத் தோட்டம் என்று தனியே ஒன்று அவசியமாக இருக்கவில்லை, கொல்லையே தோட்டமாயிருந்தது.

இந்நிலங்களிற் பெரும்பகுதி இப்பொழுது மரவள்ளிக்குச் சென்றுவிட்டது. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் 1943-ஆம் வருஷத்தில் தொடங்கியது. உலக யுத்தத்தினால் அயல்நாட்டு ஜவ்வரிசியும் மாவும் வந்திறங்குவது நின்றமையே அத்தொழில் தோன்றியதற்குக் காரணம். அதே யுத்த காலத்தில்தான் உணவுப்பொருள் பெருக்கும் இயக்கம் இந்தியாவெங்கும் நடத்தப்பட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டு முற்றங்களையும் புல்வெளிகளையும் கொத்திக் காய்கறி பயிரிடும்படி அரசாங்கங்களே ஜனங்களைத் தூண்டின. ஒரே யுத்தம் ஓரிடத்தில் வீட்டுத் தோட்டத்தை வளர்த்து, மற்றோரிடத்தில் வீட்டுக் கறியைப் பின்னாளில் குறைக்கப்போகும் ஆலைத் தொழிலுக்கு வித்திட்டது. சாலை அமைந்து லாரி மலையேறிய பின், கிழங்குக்கு உடனே கிடைக்கும் ரொக்கப் பணம் சாமைக்குக் கிடைக்கவில்லை. சாமையைக் குத்திப் புடைக்கும் பாடு வேறு. இக்காரணங்களைக் கொண்டு பார்க்கின் மரவள்ளி பயிரிட்டவரைக் குறைகூற இடமில்லை.

எனினும் கணக்கில் ஒரு பத்தி விடுபட்டுப் போயிற்று. மரவள்ளி நெருங்கித் தழைத்த நிலத்தில் அவரைக்கும் கீரைக்கும் பழைய இடம் இல்லை. கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தே. புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே உள்ளது. கேழ்வரகிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தானியமும் போய், தானியத்தோடு வந்த அவரையும் கீரையும் போய்விட்ட வீட்டில், கிழங்கு விற்ற பணத்தில் ஒரு பங்கு, கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் ஏறிவரும் தக்காளிக்கும் கத்தரிக்கும் மீண்டும் கீழே இறங்கிவிடுகின்றது. காய் மலையேறும் முன்னரே வாடியிருக்கும். விலை ஏறிய வாரத்தில் கறியில்லாமலே சோறு இறங்கும். அதன் நஷ்டம் முதலில் தெரிவது குழந்தைகளிடத்தும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களிடத்துமாகும். மரவள்ளி நிலத்தைத் திரும்பப் பெறுதல் ஒரு வருஷத்திற் கூடும் காரியமன்று. வீட்டையடுத்து ஐந்து சென்டு நிலத்தை ஒதுக்குதல் இந்த மாதத்திலேயே கூடும்.

எவ்வளவு நிலம் வேண்டும்

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு ஐந்து சென்டு, அதாவது ஏறத்தாழ 200 சதுர மீட்டர் நிலம் போதுமானது என்பது வேளாண்மைத் துறையினர் பொதுவாகக் கூறும் அளவு. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் காயும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. அதன்படி ஐவருக்கு நாளொன்றுக்கு 2 கிலோவும், வருஷத்திற்கு 730 கிலோவும் ஆகும். இதிற் பழத்தின் பங்கை மலையிலுள்ள பலாவும் வாழையும் கொய்யாவும் பெரும்பாலும் தந்துவிடும். மற்றதை ஐந்து சென்டிலிருந்து எடுப்பது அரிதன்று. ஆனால் நிலம் ஒருநாளும் சும்மா இருத்தலாகாது. ஒரு பாத்தியில் முள்ளங்கி பிடுங்கிய மறுநாளே கீரை விதைத்தாக வேண்டும். ஐந்து சென்டு இல்லாதவர்கள் இரண்டு சென்டில் தொடங்கலாம். சரிவர எருவிடப்பட்ட இரண்டு சென்டு, எருவில்லாத பத்துச் சென்டைக் காட்டிலும் மேலானது.

மலையில் பல ஊர்களில் வீடுகள் நெருங்கிக் கூடியிருக்க, நிலங்கள் தொலைவிற் கிடக்கின்றன. வீட்டைச் சுற்றி இடமில்லாதவர்கள் தம் நிலங்களுள் ஊருக்கு மிக அருகிலுள்ளதன் ஓரத்தை இதற்கென ஒதுக்குதல் தகும். தோட்டம் அடுப்படியிலிருந்து கூப்பிடு தூரத்திற்குள் இருக்க வேண்டும். அதற்கப்பால் உள்ள தோட்டத்திற்கு முதல் மாதத்திற்குப் பிறகு ஒருவரும் போவதில்லை என்பது எங்கும் கண்ட உண்மை. காலை வெயில் தடையின்றி விழும் கிழக்குச் சரிவு சிறந்தது. பலாவின் அடியிலும் சில்வர் ஓக் மரங்களின் இடையிலும் கத்தரியும் தக்காளியும் காய்க்கமாட்டா. அந்நிழலில் சேம்பும் இஞ்சியும் வைக்கலாம்.

நிலமுடையவர்கள் இவ்விடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. தோட்டத்தை நாள்தோறும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்மக்களே. எந்தத் துண்டில் என்ன விதைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கும்படி விட்டுவிடுதல் வேண்டும். விலை ஏறியதென்று கண்டு நடுவில் அத்துண்டிலும் கிழங்குக் குச்சியை ஊன்றிவிடுதல் தோட்டத்தின் பயனையே கெடுத்துவிடும்.

நிலத்தைத் திருத்துதல்

சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டுதலைப்போலத் தீங்கு விளைக்கும் தவறு வேறில்லை. சித்திரையில் இடியோடு பெய்யும் முதல் மழை அரைமணி நேரத்தில் மேல்மண்ணையும் எருவையும் விதையையும் சேர்த்து ஓடைக்குக் கொண்டுபோய்விடும். பாத்திகள் யாவும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். நான்கு அடிக்கு மேல் அகலம் வேண்டாம்; இரு பக்கத்திலிருந்தும் கை எட்டினால் பாத்தியை மிதிக்கும் அவசியம் நேராது. ஒவ்வொரு பாத்தியின் கீழ்க்கரையிலும் நிலத்தில் பொறுக்கிய கற்களை அடுக்கிச் சிறு கட்டு வைத்தல் நலம். கற்கள் மலையில் விலைக்கு வாங்கவேண்டியவை அல்ல. கட்டின்மேல் வெட்டிவேரோ எலுமிச்சைப் புல்லோ ஒரு வரிசை நட்டுவிட்டால் இரண்டு வருஷத்தில் அதுவே வரப்பாகிவிடும்.

மாசியில் மண்ணை ஒரு சாண் ஆழத்திற்குக் கொத்தி, கட்டிகளை உடையாமல் வெயிலில் காய விடுதல் வேண்டும். புழுவின் கூடுகளும் அறுகம் புல்லின் கிழங்குகளும் அவ்வெயிலில் மடியும். பங்குனியில் மறுமுறை கொத்தி எருவிட்டு மண்ணைப் பொடியாக்கலாம்.

மழை மிகுந்த மலைநிலங்களில் சுண்ணாம்புச் சத்து நீரில் கரைந்து அகன்றுவிடுவதால் மண் புளித்திருப்பது இயல்பு. புளித்த மண்ணில் அவரை, பீன்ஸ் முதலிய பயறினங்களின் வேர்முடிச்சுகள் நன்றாக உண்டாவதில்லை. அடுப்புச் சாம்பல் இதற்கு எளிய மருந்து. ஆனால் ஒரு சதுர கஜத்திற்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டியதில்லை. சாம்பலைப் பச்சைச் சாணத்தோடு கலந்து குவித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் காணப்படுகின்றது. அவ்வாறு செய்யின் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகிக் காற்றிற் கலந்துவிடும். குப்பைக்குழி வேறு, சாம்பல் பானை வேறாக இருத்தல் அவசியம். புளிப்பு எவ்வளவு என்று திட்டமாக அறிய விரும்புவோர் மண் பரிசோதனை செய்வித்துக்கொண்டு அதன்படி சுண்ணாம்பு இடலாம்.

காப்பித் தோட்டமுள்ளவர்களுக்கு எருவைப் பற்றிய கவலை இருத்தலாகாது. பழம் பறித்துத் தோலுரிக்கும் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலத்தில் குவியும் காப்பிப் பழத்தோல் நல்ல எருவாகத் தக்கது. பச்சையாக அதைச் செடிக்கு இடுதல் கூடாது. சூடேறி வேரை அழிக்கும். சாணத்தையும் இலைச்சருகையும் அடுக்கடுக்காகக் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, மாதமொருமுறை புரட்டிக்கொடுத்தால் நான்கைந்து மாதங்களில் கறுத்து உதிரும் எருவாகும். இவ்வருஷத்துத் தோல் ஆடிப் பயிருக்கு உதவும். சித்திரைக்கு வேண்டியது சென்ற வருஷத்துக் குழியிலிருந்து எடுத்ததோ, நன்றாக மக்கிய தொழு எருவோ ஆகும். பங்குனியில் சருகுகளைக் கூட்டி நெருப்பு வைக்கும் பழக்கத்தை நிறுத்தினால் மூடாக்குக்கு வேண்டிய பொருள் தானே சேர்ந்துவிடும்.

விதை

எருவைக் காட்டிலும் விதையில் நேரும் நஷ்டம் பெரிது. ஏனெனில் அது பாதி வருஷம் கழித்தே தெரியும். கடையில் வாங்கும் வர்ணப் பொட்டலங்களிற் பல கலப்பின விதைகள். அவை முதல் வருஷம் நன்றாகக் காய்க்கும். அவற்றிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வருவதில்லை. விற்பனைக்கென்று ஒரு காணி தக்காளி பயிரிடுவோருக்கு அது பொருந்தலாம். வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றவை வருஷந்தோறும் தானே எடுத்து வைக்கக்கூடிய நாட்டு விதையும், வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கலப்பினமல்லாத ரகங்களுமாம்.

எந்த விதையையும் வீட்டில் எடுத்துவிடலாம் என்றெண்ணுதலும் சரியன்று. அவரை, மொச்சை, பீன்ஸ், தக்காளி ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே தாம் கருவுறுபவை. பக்கத்துச் செடி எதுவாயினும் இவற்றின் விதை அவ்வளவாகக் கெடுவதில்லை. கத்தரியும் மிளகாயும் நடுத்தரமானவை. பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் ஆகியவற்றிலோ ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ ஊரெல்லாம் சுற்றி வந்து மகரந்தத்தைச் சேர்க்கின்றது. அடுத்த தோட்டத்தில் வேறு ரகப் பூசணி பூத்திருந்தால் இங்கெடுக்கும் விதை இரண்டுங்கெட்டதாகும். விதைக்கு வேண்டிய பெண்மொக்கை முதல்நாள் மாலையில் நூலால் கட்டி வைத்து, மறுநாட் காலையில் அதே ரகத்தின் ஆண்பூவைத் தடவி, மீண்டும் கட்டிவிட்டால் அக்காயின் விதை சுத்தமாயிருக்கும். இதனைச் சிறுவர்களும் செய்யலாம்.

விதையைச் சாம்பலிற் புரட்டிச் சுரைக்குடுக்கையில் இட்டு அடுப்பின் மேற்புறத்தில் தொங்கவிடும் பழைய முறையில் தவறொன்றுமில்லை. புகையும் உலர்ச்சியும் வண்டை அண்டவிடா. மழைக்காலத்து மூடுபனி வீட்டுக்குள்ளும் புகும் கொல்லிமலையில் விதைக்குப் பெரும்பகை ஈரமே. பிளாஸ்டிக் பையில் அரைகுறையாகக் காய்ந்த விதையைக் கட்டி வைப்போர் அதில் பூஞ்சணத்தையே வளர்க்கின்றனர். பங்குனிப் பிறப்பில் ஒவ்வொரு விதையிலும் இருபது எண்ணி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து, வாழையிலையிற் சுருட்டி, ஒரு வாரம் வைத்துப் பார்த்தல் வேண்டும். பதினைந்துக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்து முளைத்தால் இருமடங்கு தூவலாம். ஐந்தே முளைத்தால், சித்திரை பிறக்க இன்னும் ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும்பொழுதே வேறு விதை தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கின்றது. மழை பெய்த பிறகு விதைக்கு ஓடுவோர் கிடைத்ததை வாங்கி வருவர்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பதற்காகக் கிராம விதை வங்கிகளை ஏற்படுத்தி வந்திருக்கின்றது. விதை கடன் பெற்றவர் அறுவடையில் வட்டியோடு விதையாகவே திருப்பித் தருவது இத்தகைய வங்கிகளின் பொது வழக்கம். இம்முறையை அவரைக்கும் பூசணிக்கும் கீரைக்கும் விரிப்பதில் கஷ்டமில்லை. தானியத்திற்கு மூட்டைகள் வேண்டும். காய்கறி விதைக்கோ ஓர் அலமாரி போதும்.

நாற்றங்கால்

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் நாற்றுவிட்டு நடவேண்டியவை. கத்தரியும் தக்காளியும் 25 முதல் 30 நாட்களிலும், மிளகாய் 35 முதல் 40 நாட்களிலும் நடுவதற்குத் தயாராகும். சித்திரை நடுவில் நட எண்ணுவோர் மிளகாயைப் பங்குனி முதல் வாரத்திலும் மற்றவற்றைப் பங்குனி நடுவிலும் விதைக்க வேண்டும். மூன்றடி அகலத்தில் அரை அடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து, மூன்று விரற்கடை இடைவெளியிற் கீற்றிட்டு, விதையை மெல்லத் தூவி, சலித்த எருவால் மூடி, வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். முளை தோன்றிய அன்றே வைக்கோலை நீக்காவிடின் நாற்றுக்கள் வெளிறி நீண்டுவிடும். நெருக்கமாகத் தூவுதலும் நீரைத் தேக்குதலும் நாற்றழுகலுக்குக் காரணங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து விதைத்தல் நல்ல காப்பு. வீட்டுக்கு வேண்டிய விதை ஒரு ஸ்பூன் அளவே ஆதலால் ஒரு சிட்டிகைப் பொடி போதும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குலத்தவை. செடி பச்சையாயிருக்கும்பொழுதே ஒருநாள் நண்பகலில் தலைசாய்ந்து மறுநாள் மடிந்துவிடும் வாடல் நோய் இவை யாவற்றையும் பிடிக்கும். புளித்த மண்ணும் ஈரமும் அந்நோய்க்கு ஏற்றவை. மண்ணிலேயே வருஷக்கணக்கில் தங்குவது. சென்ற வருஷம் தக்காளி வாடிய பாத்தியில் இவ்வருஷம் கத்தரியை நட்டு மீண்டும் ஏமாறுவோர் பலர். அப்பாத்தியில் கீரையோ பீன்ஸோ முள்ளங்கியோ விதைத்து, மூன்று வருஷம் கழித்தே பழைய குலத்திற்குத் திரும்ப வேண்டும். சந்தேகமுள்ள செடியின் தண்டை அறுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் பிடித்தால், வெண்மையான நூல்போல் பால் இறங்குவது காணப்படும். அச்செடியை மண்ணோடு அகழ்ந்து எரித்துவிடுதல் வேண்டும். குப்பைக்குழியில் எறிதல் ஆகாது.

நேரே விதைப்பவை

கொல்லிமலையின் சீதோஷ்ணம் பீன்ஸுக்கு ஏற்றது. நீர் வசதி உள்ளவர்கள் மாசியிலேயே விதைத்துச் சித்திரையில் காய் பறிக்கலாம்; மற்றவர்கள் முதல் மழையோடு விதைக்கலாம். கொடி பீன்ஸுக்கு ஆள் உயரக் கொம்பு வேண்டும்.

சவ்சவ் மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்த கொடியாயினும், இவ்வுயரத்தில் குறைந்த உழைப்பிற்கு மிகுந்த பலன் தருவதில் அதற்கு நிகர் சொல்வதற்கில்லை. இதன் விதையைத் தனியே எடுத்து நடுதல் கூடாது. முற்றிய காய் முளைவிட்ட பின் காயையே நட வேண்டும். மாசியில் முற்றிய காய்களை நிழலில் மணல்மேல் பரப்பி வைத்தால் சித்திரைக்குள் முளை ஒரு சாண் வளரும். ஒன்றரை அடி ஆழ அகல நீளமுள்ள குழியில் மேல்மண்ணோடு ஒரு கூடை எருவைக் கலந்து நிரப்பி, குழிக்கு இரண்டு காய் வீதம், முளைப்பக்கம் சாய்ந்திருக்கப் பாதிக் காய் வெளியே தெரியும்படி நடுதல் முறை. குழிக்குக் குழி எட்டடி இடைவெளி வேண்டும். காய்ப்பு ஐந்தாறு மாதங்களில் தொடங்கும். வீட்டுக்கு இரண்டு குழி போதுமானது. நான்கு குழி வைப்போர் அடுத்த வீட்டுக்கும் கொடுத்து மாளாது.

இதற்கும் மற்றக் கொடிகளுக்கும் வேண்டிய பந்தலைச் சித்திரைக்கு முன்னரே போட்டுவிட வேண்டும். கொடி தரையில் ஓடத்தொடங்கிய பிறகு பந்தல் போடுவோர் பாதிக் கொடியை ஒடிக்கின்றனர். ஆடிக் காற்றுக்குக் காய்ந்த மூங்கில் இரண்டு வருஷம் தாங்கும். மிளகுக் கொடிக்கு நடும் கல்யாண முருங்கைப் போத்துக்களையே மூலைக்கால்களாக ஊன்றினால் அவை மழையில் வேர்விட்டு உயிர்த்தூண்களாகி, கழித்த தழை எருவுக்கும் ஆட்டுக்கும் ஆகும்.

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் முதலியவற்றிற்கு ஓரடிக் குழியில் எருவிட்டு ஐந்து விதை ஊன்றி, முளைத்த பின் வலுவான இரண்டை நிறுத்தலாம். இவற்றில் முதலில் வருவன ஆண்பூக்களே; அவை உதிர்தல் இயற்கை. நோயென்று கருதி மருந்தடித்தால் தேனீக்கள் மடிந்து, பின்வரும் பெண்பூக்களும் காயாகாமற் போகும். பிஞ்சில் பழ ஈ குத்தியிருந்தால் அப்பிஞ்சை அன்றே பறித்து ஆழப் புதைத்தல் வேண்டும்.

அவரையையும் மொச்சையையும் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. இவற்றின் நாட்டுக் கொடி ரகங்கள் பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் பூப்பது ஐப்பசி, கார்த்திகையிலேயே. ஆடியில் விதைத்த அவரை ஆறு மாதத்தில் காய்க்க, சித்திரையில் விதைத்தது எட்டு மாதமாகியும் காய்க்கவில்லையே என்று அதை வெட்டி எறிந்தவர்கள் உண்டு. வேலியோரத்தில் இடம் சும்மா இருந்தால் சித்திரையிலேயே ஊன்றலாம். கொடி பெருத்துக் காய்ப்பும் மிகும். நல்ல பந்தலை இதற்குக் கொடுத்து எட்டு மாதம் காத்திருத்தல் வீண். விரைவில் காய் வேண்டுவோர் பொழுதைப் பாராமல் காய்க்கும் குற்றவரை ரகங்களைக் கேட்டு வாங்கலாம்.

சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றிற்கும் சித்திரையே பருவம். சேனைத் துண்டைச் சாணக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி நட வேண்டும். கீரைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதைப்பதை விடுத்து, பதினைந்து நாளுக்கொருமுறை முறம் அளவு இடத்தில் விதைத்து வந்தால் வருஷம் முழுதும் இளங்கீரை கிடைக்கும்.

மழை வரும் வரையில்

பங்குனி வெயிலில் ஊற்றுகள் வற்றிக் குடிநீருக்கே நடக்கவேண்டிய ஊர்கள் உண்டு. அங்கு நாற்றங்காலுக்கென்று தனியே ஒரு குடம் சுமக்கும்படி பெண்மக்களிடம் சொல்வது நியாயமன்று. அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர், குளித்த நீர் ஆகியவையே நாற்றங்காலுக்கும் இரண்டு சவ்சவ் குழிக்கும் போதியவை. சவுக்காரம் மிகுந்த நீரைக் கீரைக்கு விடாமல் வாழைக்கும் சேம்புக்கும் திருப்பலாம். குழியருகில் அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகிய பழம்பானையைப் புதைத்து நிரப்பி வைத்தால் நீர் சொட்டுச்சொட்டாக வேருக்கே சேரும். எல்லாவற்றிற்கும் மேலாக மண்ணை மூடி வைத்தல் வேண்டும். நான்கு விரற்கடைச் சருகு மூடாக்கு, நாள்தோறும் ஊற்றும் நீரில் பெரும்பகுதி வெயிலில் வீணாகாமல் காக்கும்.

ஊர்க்கவுண்டர்களும் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் செய்யக்கூடிய உதவி பெரிது, செலவு சிறிது. பொதுக் குழாயடியில் வழிந்தோடிச் சேறாகும் நீரை ஒரு வாய்க்காலில் திருப்பினால் பத்து வாழையும் ஒரு சேம்புப் பாத்தியும் வளரும். 1982-ஆம் வருஷத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் நடைபெறும் பள்ளிகளின் வளைவில் ஒரு முருங்கையும் ஒரு சவ்சவ் பந்தலும் அமைவதற்கு வேண்டியது அநுமதியும் வேலியுமே. ஊராடுகளைச் சித்திரை முதல் தை வரை கட்டி மேய்ப்பது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு செய்துவிட்டால், தனித்தனியே போடும் வேலிச்செலவிற் பாதி மிச்சமாகும். சொந்தத் துண்டு நிலமில்லாத கூலிக்குடும்பங்களுக்கு, நிலமுடையவர்கள் காப்பித் தோட்டத்தின் வெளி ஓரத்தில் இரண்டு சென்டு விட்டுக்கொடுப்பதால் நிலமுடையவருக்கு நஷ்டமில்லை. அவ்வோரம் களையின்றியும் காவலோடும் இருக்கும்.

தோட்டத்துப் பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறே போதிய மருந்து. லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்த பருப்பை இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவுக்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். வேப்பங்கொட்டையைச் சமவெளியிலிருந்து ஆனி, ஆடி மாதங்களில் வாங்கி உலர்த்தி வைத்துக்கொள்ளுதல் நலம். காப்பிக்கும் மரவள்ளிக்கும் வாங்கிய விஷமருந்து மிஞ்சியதென்று அதைக் கீரையின்மேல் தெளிப்பது பெருங்கேடு; நாளைக்குப் பறித்து உண்ணும் இலையில் அது தங்கியிருக்கும்.

காய்ப்பு மிகுந்த காலத்தில் விதைக்கென்று நிறுத்தும் காய்களை முன்னதாகவே அடையாளமிடுதல் வேண்டும். முதல் ஈட்டில் நல்ல செடியில் காய்த்த நல்ல காய்க்கு ஒரு துண்டுச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் வீட்டிலுள்ள எவரும் அதைப் பறியார். கடைசியில் பறிப்பாரின்றித் தங்கிய சொத்தைக் காயை விதைக்கு விடும் வழக்கத்தினால்தான் பல வீடுகளில் நல்ல பூசணி மூன்றே வருஷத்தில் சிறுத்துப்போயிற்று. சவ்சவில் தையில் முற்றிய பெரிய காய்களுள் நான்கைத் தனியே எடுத்து வைப்பது அடுத்த மாசிக்கு உரிய முதல் வேலையாகும்.